மார்பில் ஒரு வெள்ளைத் திட்டு

எங்கள் வீட்டுக் கறுப்பு லாப்ரடாருக்கு மார்பில் உள்ளங்கையளவு வெள்ளைத் திட்டு உண்டு. குட்டியை விற்றவர் அதைக் கலப்பின் அடையாளம் என்று சொல்லி விலையைச் சற்றுக் குறைத்துக்கொண்டார். நானும் நெடுநாள் அப்படியே நம்பியிருந்தேன். லாப்ரடாரின் மூதாதையைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோதுதான் அந்த நம்பிக்கை கலைந்தது.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் செயின்ட் ஜான்ஸ் நீர்நாய் என்றோர் இனம் இருந்தது. (நீர்நாய் என்றதும் தமிழில் வேறொரு விலங்கு வந்து நின்றுவிடுகிறது, வேறு பெயர் எனக்கு அகப்படவில்லை.) கறுப்பு உடல், மார்பிலும் பாதங்களிலும் வெள்ளை. ஐரோப்பிய மீனவர்கள் கொண்டுவந்த பலவகை வேலைநாய்கள் தமக்குள் கலந்து உருவான இனம் அது. ஆக, கலப்பே அதன் பிறப்பு.

காட் மீன் பிடிக்கும் சிறுபடகுகளில் அதுவும் ஓர் ஆள். நீர்மட்டத்துக்கு வந்த மீன் தூண்டிலிலிருந்து நழுவினால் உறைபனிக் கடலில் குதித்துக் கவ்விவரும். வலையின் கயிற்றைப் பல்லால் பற்றிக் கரைக்கு நீந்தும். நீண்ட மயிருள்ள நாய் நனைந்தால் உடலெங்கும் பனிக்கட்டி கோத்துக்கொள்ளும். ஆகவே மீனவர்கள் குட்டை மயிர் நாய்களையே விரும்பினர். எண்ணெய்ப்பசை கொண்ட அந்த அடர்மயிரும், சுக்கான் போன்ற தடித்த வாலும், சவ்வுடைய விரல்களும் இன்று எங்கள் வரவேற்பறையில் படுத்துறங்குகின்றன.

உப்பிட்ட மீனோடு கப்பல்களில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு இந்நாய்களும் சென்றன. மால்ம்ஸ்பரி பிரபுக்கள் அவற்றை வாத்து வேட்டைக்குப் பழக்கினர். 1880களில் அவர்கள் பக்ளூ கோமகனுக்குக் கொடுத்த நெட், ஏவன் என்னும் இரு நாய்களிலிருந்து இன்றைய லாப்ரடார் வம்சம் தொடங்குகிறது. 1903இல் கென்னல் கிளப் அதைத் தனியினமாக ஏற்றது. பிரபுக்களின் பெயர்கள் வம்சப் பதிவில் உள்ளன. படகில் அருகே உட்காரவைத்து வேலை பழக்கிய மீனவன் ஒருவன் பெயரும் இல்லை. எனக்கு இது உறுத்துகிறது.

தீவிலோ, ஆடு வளர்ப்பைக் காக்க 1885இல் வந்த சட்டம் நாய்களுக்குக் கட்டுப்பாடும் உரிமக் கட்டணமும் விதித்தது. இனம் தேய்ந்தது. 1980களின் தொடக்கத்தில், சாலை எட்டாத கிராண்ட் புரூயிட் என்னும் மீனவக் குடியிருப்பில் கடைசி இரண்டையும் புகைப்படம் எடுத்தார்கள். பதின்மூன்றும் பதினைந்தும் வயதான சகோதரர்கள். இரண்டும் ஆண்.

1992இல் காட் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. 2010இல் அந்த ஊரின் கடைசிக் குடும்பங்களும் வெளியேறின.

சென்ற ஐப்பசியில் ஊர்க் கண்மாய் நிறைந்திருந்தது. எங்கள் நாய் யாரும் ஏவாமலே பாய்ந்து, மிதந்த தேங்காய் மட்டையொன்றைக் கவ்விவந்து என் காலடியில் வைத்தது. எடுத்துப் பார்த்தேன். பல் பதிந்த தடம் இல்லை.