குண்டசாலையில் ஒரு மார்கழிக் காலை

கண்டி மாநகரிலிருந்து மகியங்கனை வீதியில் புறப்பட்டு, தென்னெக்கும்புறைப் பாலத்தில் மகாவலி கங்கையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் குண்டசாலை வந்துவிடும். 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட நரேந்திரசிங்க மன்னன், மதுரையிலிருந்து பெண்ணெடுத்தவன், இவ்வூரிலே அரண்மனை அமைத்து வாழ்ந்தான். 'குண்டசாலை அரசன்' என்றே அவனைச் சிங்கள மக்கள் அழைப்பதுண்டு. ஆற்றங்கரையும் மலைச்சாரலும் சூழ்ந்த இவ்வூரைக் கண்டவர்க்கு அவன் மனம் விளங்கும்.

சென்ற மார்கழியில் என் தமக்கையின் மகள் நோர்வேயிலிருந்து வந்து எங்கள் இல்லத்தில் தங்கினாள். முதல் நாள் காலை ஏழு மணிக்கு அவளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றேன். மலைகளை மேகம் மூடியிருந்தது; மழை தூறிக்கொண்டிருந்தது.

"மழைக்காலத்தில் வந்துவிட்டாயே பிள்ளை, வெயிலைக் காண முடியவில்லையே" என்று வருந்தினேன்.

அவளோ முகத்தை வானை நோக்கி உயர்த்தி, "மாமா, எனக்கு இதுவே பெரும் வெளிச்சம்" என்றாள்.

அவள் வாழும் துரொம்சோ நகரம் வடதுருவ வட்டத்துக்கும் அப்பால் உள்ளது. அங்கே நவம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே எழுவதேயில்லை. நண்பகலில் சில மணி நேரம் அந்தி வெளிச்சம் தோன்றி மறையும், அவ்வளவே. நம் குண்டசாலையிலோ ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

முந்திய ஆண்டு அவள் தன் தாயிடம், காலையில் எழும்ப முடியவில்லை, வேலையில் நாட்டமில்லை, சோறும் இனிப்புமே வேண்டியிருக்கிறது என்று முறையிட்டிருந்தாள். அதைக் கேட்ட நான், "இது குளிர்தேசத்துச் சோம்பல்" என்று தொலைபேசியில் கடிந்துகொண்டேன். அச்சொல் அவள் மனத்தில் தைத்திருந்ததை அன்றுதான் அறிந்தேன்.

அது சோம்பலன்று, நோய். அமெரிக்க ஆய்வாளர் நோர்மன் ரோசென்தாலும் அவருடைய குழுவினரும் 1984இல் இப்பருவகால மனச்சோர்வைப் பெயரிட்டு விவரித்தனர். நமது மூளையில் நாளையும் பொழுதையும் கணிக்கும் கடிகாரம் ஒன்று உண்டு. கண்வழியே புகும் காலை ஒளியே அதனை நேர்ப்படுத்துகிறது. ஒளி குறைந்த காலத்தில் அது பின்தங்குவதால் உறக்கமும் ஊக்கமும் நிலைகுலைகின்றன என்பது அறிஞர் பலரின் கருத்து.

வைத்தியர் அவளுக்கு ஒளிவிளக்கு ஒன்றைப் பயன்படுத்தச் சொன்னார். 10,000 லக்ஸ் ஒளி தரும் அவ்விளக்கின் முன்னே, எழுந்தவுடன் அரைமணி நேரம் அமர வேண்டும். விளக்கை உற்றுப் பார்க்கலாகாது; தேநீர் அருந்தலாம், புத்தகம் படிக்கலாம். கண்நோய் உள்ளவர்களும், மனவெழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோயுள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் இதில் இறங்கக் கூடாது. ஓரிரு வாரங்களில் தன் மனம் தெளிந்தது என்றாள் அவள்.

பிற்பகல் அயலிலுள்ள நத்தரம்பொத்தைக்குச் சென்றோம். பித்தளை வேலைக்குப் பெயர்பெற்ற அக்கைவினைக் கிராமத்தில் அவள் சிறு குத்துவிளக்கொன்று வாங்கினாள். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீற்றர் தொலைவில் தரும் ஒளியே ஏறக்குறைய ஒரு லக்ஸ். அப்படியானால் அவளுடைய மருத்துவ விளக்கு பத்தாயிரம் மெழுகுவர்த்திகளுக்குச் சமம்! மேகம் மூடிய நம் பகல் வானமோ பெரும்பாலும் அவ்வளவு ஒளியை விலையின்றித் தருகிறது. வீட்டினுள் இருக்கும் ஒளி சில நூறு லக்ஸுக்கு மேல் செல்வது அரிது. பரீட்சைக்காக அறைக்குள்ளே அடைந்து கிடக்கும் மாணவர்களும் இதனை நினைவிற் கொள்வது நன்று.

அன்றிரவு, "உன்னைக் கடிந்தது என் தவறு, பிள்ளை" என்று அவளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் கூறாமல் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தாள்.

வாசகர்களே, நம் பிள்ளைகள் இன்று ஒஸ்லோவிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருண்ட மார்கழிகளைக் கழிக்கின்றனர். அவர்கள் சோர்வைச் சொல்லும்போது சினவாதீர். "வைத்தியரைக் கண்டாயா? காலையில் வெளிச்சம் பட்டதா?" என்று அன்போடு கேளுங்கள்.