இரண்டு பெருநாட்களுக்கு இடையில்

நோன்பு பிடித்தால் உடம்பு தானாக மெலியும் என்று சொல்பவர்கள், அஸருக்குப் பிந்திய நமது அடுப்படிகளைக் காணாதவர்கள். இலங்கையில் நோன்பு எந்த மாதத்தில் வந்தாலும் ஏறத்தாழ 13½ மணித்தியாலம்தான். மீதி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் நிறையின் கணக்கு இருக்கிறது. ரமழானில் குறைவது சராசரியாக ஒரு கிலோவைச் சுற்றித்தான், அதுவும் சில கிழமைகளுக்குள் திரும்பி வந்துவிடுகிறது என்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

எனக்கு இது அழகு பற்றிய கவலையல்ல. வாப்பாவுக்குச் சீனி வருத்தம். முதலில் கால்விரல் ஒன்று போனது, பிறகு முழங்காலுக்குக் கீழே போனது. கடைசி ஏழு வருடங்களும் கதிரையில் இருந்தே தொழுதார். 50 வயதில் எனக்கும் அது வந்தது. தராசில் 81ஐப் பார்த்த கிளினிக் டொக்டர், "ஒரு நாலு கிலோ குறைச்சிட்டு வாங்க, சீனியும் இறங்கும், முழங்காலும் சும்மா இருக்கும்" என்றார். மாத்திரை நேரங்களை மாற்றித் தந்து நோன்பு பிடிக்கவும் சம்மதித்தார். அது ரமழானுக்கு முந்திய கிழமை.

நோன்பு மாதத்தைக் கடப்பது பெரிய பாடில்லை. ஒரு ஈச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை கஞ்சி. கஞ்சியைப் பலர் குற்றம் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரிசி, உள்ளி, கொஞ்சம் இறைச்சி, அளவான தேங்காய்ப்பால். குடித்தால் வயிறு நிறைகிறது, ஆறுதலும் வருகிறது. ஆளை விழுத்துவது கஞ்சிக்குப் பக்கத்தில் வந்து குந்தியிருக்கும் சமோசாவும் ரோல்ஸும் கட்லட்டும், சீனி கரைத்த சர்பத்தும்தான். எண்ணெய்ச் சட்டியை வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அடுப்பில் ஏற்றுவது என்று வைத்தேன். பிள்ளைகள் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள். பிறகு மறந்து போனார்கள்.

சோதனை தலைப்பிறையோடு தொடங்கியது. நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் இடையில் ஏறத்தாழ 70 நாட்கள். நோன்பில் தள்ளிவைத்த கல்யாணங்கள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து உம்மாவின் பக்கத்திலேயே வைத்திருக்கும் கிழக்கு மாகாணத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு விளங்கும்: நாங்கள் நான்கு சகோதரிகள் ஒரே வளவுக்குள். நான்கு வீட்டிலும் வட்டிலப்பம். எங்கள் கைக்கணக்கு பத்து முட்டைக்கு அரைக் கிலோ கித்துள் கருப்பட்டி, தட்டை 16 துண்டாக வெட்டுவது. ஒரு துண்டில் 30 கிராமுக்கு மேல் கருப்பட்டி, ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி சீனி. நான்கு வீட்டிலும் ஒவ்வொரு துண்டு என்றால் மீதியை நீங்களே பெருக்கிக் கொள்ளுங்கள்.

வேண்டாம் என்று சொல்வது லேசில்லை. நம்மிடத்தில் பீங்கானைத் தள்ளுவது தந்தவளைத் தள்ளுவதாகவே எடுக்கப்படும். "என்ன ராத்தா, பெருநாளும் அதுவுமா! ஒரு துண்டு திண்டா என்ன செய்யும்?" என்றாள் கடைசித் தங்கச்சி. வாப்பாவிடமும் இதே வார்த்தையைத்தான் எல்லோரும் சொன்னார்கள், அன்பாகத்தான் சொன்னார்கள். அதை நான் சொல்லவில்லை. பெருநாளில் அழ வைக்க மனம் வரவில்லை. அவள் வீட்டில் அரைத் துண்டை வாங்கி, அவள் பார்க்க இருந்து ஆறுதலாகத் தின்றேன். மற்ற மூன்று வீட்டுப் பங்கும், என்னுடையது உட்பட, பிள்ளைகளுக்கு.

பீங்கானை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை என்பது ஊர் வழக்கம். நான் பப்பாசியும் கொய்யாவும் வெட்டி வைத்து அனுப்பினேன். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற சாமான்" என்று ஒரு பகிடி கிளம்பியது. ஆனால் அந்தப் பீங்கான்களில் பழம் மிஞ்சவில்லை.

கல்யாணச் சஹன் வேறு விதமான வலை. ஆறு பேர் ஒரே சஹனில் கைவைக்கும்போது எவ்வளவு தின்றோம் என்பது கண்ணுக்குத் தெரியாது. முன்னால் இருப்பது குறைவதில்லை, யாராவது ஒருவர் இறைச்சித் துண்டை நம் பக்கம் ஒதுக்கிக்கொண்டே இருப்பார். மற்றவர் முடிக்குமுன் எழும்புவதும் மரியாதையில்லை. சிறிய கவளமாக எடுத்து, நிறையக் கதைத்து, நானும் ஒதுக்கத் தொடங்கினேன். என் பக்கத்தில் இருந்தவர்கள் என்னை நல்ல மனிசி என்று நினைத்திருக்கக் கூடும்.

ஷவ்வாலின் ஆறு நோன்புகளும் அந்த நாட்களில் கைகொடுத்தன. நோன்பாளியை யாரும் வற்புறுத்துவதில்லை. ஆனாலும் விருந்துக்குத் தப்ப நோன்பு பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நிய்யத்தைக் கொண்டுபோய்த் தராசில் வைக்கலாமா? ஆகையால் கல்யாண அழைப்புகளைப் பார்க்காமலே நாட்களைக் குறித்தேன். சுபஹுக்குப் பிறகு நடந்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, தெருநாய்களைத் தவிர.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை கிளினிக்கில் 78 கிலோ இருந்தேன். இன்னும் ஒரு கிலோ பாக்கி. டொக்டர் கொப்பியில் எழுதிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரையில் ஒன்றை மட்டும் பாதியாகக் குறைத்தார்.

போன மாதம் கடைசித் தங்கச்சிக்கும் கிளினிக் கொப்பி கிடைத்தது. பின்னேரம் வந்து குசினிக் கதவடியில் நின்றாள். சீனி பற்றி எதுவும் கேட்கவில்லை. "ராத்தா, இந்தப் பெருநாளைக்குத் தட்ட எத்தன துண்டா வெட்டுவம்?" என்றாள். 25 என்றேன். கத்தியை எடுத்து வெறுந்தட்டில் ஐந்துக்கு ஐந்தாகக் கோடு போட்டுப் பார்த்தாள்.