திருகோணமலைக்கு ஒரு விடுமுறை

விடுமுறை என்னும் சொல்லை நான் பாடசாலையிற் கற்றேன். அதன் பொருளை என் தந்தையாரிடம் கற்றேன். இவ்விரண்டு பாடங்களுக்குமிடையே ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. இரண்டாவது பாடம், திருகோணமலைக்கு ஒரு சிறு பயணத்தைத் திட்டமிட முற்பட்டபோது எனக்குக் கிடைத்தது. அதனையே இங்கு எழுதப் புகுகின்றேன்.

ஹட்டனை அடுத்துள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்தவன் நான். தந்தையார் அத்தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் வேலை செய்தவர். கவ்வாத்து, கான் வெட்டு, முள்ளுக்குத்து என அவர் கைபடாத வேலை இல்லை. தாயார் கொழுந்தெடுத்தவர். ஒரு நாள் வேலையைத் தோட்டத்தில் 'ஒரு பேர்' என்பர். காலையிற் பெரட்டுக் களத்துக்குச் சென்று, சொல்லப்பட்ட மலையிற் சொல்லப்பட்ட வேலையைச் செய்து முடித்தாற் செக்ரோலில் ஒரு பேர் விழும். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். போகாவிட்டாற் பேரும் இல்லை, கூலியும் இல்லை. ஆகவே வேலைக்குப் போகாத நாள் எமது வீட்டில் நோயையோ, சாவையோ, திருவிழாவையோ குறித்தது. ஒருவர் உடல் நலத்தோடிருந்தும், ஊரில் எவரும் இறவாதிருந்தும், தாம் விரும்பி ஒரு நாளைச் சும்மா கழிக்கலாம் என்ற எண்ணம் அங்கு எழுந்ததை நான் அறியேன். பள்ளி விடுமுறை நாட்களிற்கூட நாங்கள் விறகு பொறுக்கினோம்.

2023 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், மார்கழி விடுமுறைக்குப் பெற்றோரை எங்கேனும் அழைத்துச் செல்ல வேண்டுமென்ற ஆவல் எனக்குண்டாயிற்று. அப்பாவுக்கு அப்பொழுது வயது எழுபது. அவர் அதுவரை கடலைக் கண்டதில்லை. இந்தத் தீவின் அதிகூடிய அகலம் ஏறத்தாழ 225 கிலோமீற்றர். நாட்டின் நட்டநடுவில் நிற்பவனுக்குங்கூட ஒரு நாட் பயணத்திற் கடல் எட்டிவிடும். அத்தகைய நாட்டில் ஒருவர் எழுபது ஆண்டு கடலைக் காணாது வாழ்ந்தாரென்றால், குற்றம் புவியியலினுடையதன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில், மலையகத்துத் தமிழர் ஒருவர் கிழக்குக் கரைக்கு உல்லாசப் பயணம் போவதென்பது நினைக்கத்தக்க காரியமாயிருக்கவில்லை. போர் முடிந்த பின்னர் என் படிப்பும் தங்கையின் திருமணமும் குறுக்கிட்டன. பிற்போட்டுப் பிற்போட்டே அவருக்கு வயதாகிவிட்டது.

திருகோணமலையை நான் தெரிந்தமைக்குப் பல காரணங்கள் இருந்தன. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று அங்குள்ளது. நகருக்கு வடக்கே உப்புவெளியும் நிலாவெளியும் அலை குறைந்த, ஆழம் மெல்ல மெல்ல மிகும் கடற்கரைகள். முதியவர்களும் முழங்காலளவு நீரில் அச்சமின்றி நிற்கலாம். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேசர் கோவில் கடலை நோக்கிய பாறையின் உச்சியில் இருக்கின்றது. பழைய கோவிலைப் போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டிலே தகர்த்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். இன்று அக்கோட்டை வாயிலினூடாகவே கோவிலுக்குப் போக வேண்டியிருக்கின்றது. இவையெல்லாவற்றையும் நான் ஒரு விரிவுரைபோல வீட்டில் எடுத்துரைத்தேன்.

அம்மா, "கோணேசரப் பாத்துட்டா எனக்குப் போதும்" என்றார். பின்பு சற்றுத் தயங்கி, "சுனாமி வந்த கடலில்லையா அது?" என்று கேட்டார். 2004 மார்கழி 26 இல் அக்கரையை விழுங்கிய அலையைப் பற்றி லயத்து வானொலியிற் கேட்ட நாளை அவர் மறக்கவில்லை. அப்பாவோ, "கடலா? அதெல்லாம் எதுக்குத் தம்பி இப்ப?" என்று கூறிவிட்டு வெளியே எழுந்து போனார்.

அவர் எழுந்து போனமைக்குக் காரணத்தை அம்மாதான் அன்றிரவு சொன்னார். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுட் பெரியப்பாவின் குடும்பமும் ஒன்று. எழுபதுகளில் ஒரு நாள் அவர்கள் ஹட்டனிற் கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் சென்றனர். உறவினர் சிலர் தலைமன்னார் வரை சென்று வழியனுப்பினர். அப்பா ஹட்டன் நிலையத்தோடு திரும்பிவிட்டார். தலைமன்னார் வரை போவதாயின் மேலும் இரண்டு பேர் இழக்க வேண்டியிருந்தது. பெரியப்பாவைப் பிறகு அவர் காணவேயில்லை. கடல் என்று யாரேனும் சொன்னால், அப்பாவின் நினைவில் எழுவது அவர் போகாமல் விட்ட அந்தத் துறையே என்று அம்மா கூறினார்.

இதனைக் கேட்டபின் பயணத்தைக் கைவிடலாமோ என்று எண்ணினேன். கைவிடவில்லை. ஆனால், மார்கழியில் அங்குப் போகவிருந்த என் அறியாமையை வேறொருவர் திருத்தினார். திருகோணமலையைச் சேர்ந்த சக விரிவுரையாளர் ஒருவரிடம் தங்குமிடம் பற்றி விசாரித்தேன். அவர் சிரித்துவிட்டு, "மாரியில அந்தக் கடல் ஆருக்கும் மசியாது. ஆனி ஆடியில வாங்கோ" என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. திருகோணமலையின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடைப்பட்ட காலத்திற் பெய்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்று வீசுங்காலத்திற் கடல் கொந்தளிக்கும். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகிற் போய் முருகைக் கற்களைக் காணுதல் அக்காலத்திற் பெரும்பாலும் இயலாது. சித்திரைக்குப் பின்னர் நிலைமை மாறுகின்றது. வைகாசி முதற் புரட்டாதி வரை அங்குக் கடல் தூங்குகின்றது. அதே மாதங்களிலேதான் எமது மலைகள் நனைகின்றன. தென்மேற்கிலிருந்து ஈரஞ்சுமந்து வரும் காற்று மலைகளில் மோதி மேலெழுந்து தன் நீரை அங்கே கொட்டிவிடுகின்றது. வட்டவளைப் பகுதி இலங்கையில் மிகக் கூடிய மழை பெறும் இடங்களுள் ஒன்றாயிருப்பதற்கு அதுவே காரணம். நீரை இழந்த காற்று மறுபுறம் இறங்கும்போது வெப்பமடைந்து, வறண்டு, கிழக்கை அடைகின்றது. அங்குள்ளோர் அதனைக் கச்சான் என்பர். அந்நாட்களில் வெயில் 35 பாகை செல்சியசைத் தாண்டுவதுமுண்டு.

இந்த விளக்கத்தை நான் பாடநூலிற் படித்திருந்தேன். ஆனால் என் தாயார் இடுப்பிற் படங்கு கட்டி, தலையிற் கம்பளி போட்டு, அட்டைக் கடியோடு கொழுந்தெடுத்த அந்த ஆனி மாத மழை, மலையைத் தாண்டியதும் பிறிதொருவருக்கு உல்லாசக் காலமாகின்றது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. அவ்வாறாயின் ஒரு முறையாவது ஆனி மாதத்தில் அவரை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கச் செய்ய வேண்டுமென்று தீர்மானித்தேன். பயணம் 2024 ஆனிக்குப் பிற்போடப்பட்டது. இம்முறை பிற்போட்டமைக்கு நான் வருந்தவில்லை.

அடுத்து, தங்குமிடம். கடலோர விடுதிகளின் கட்டணங்களை விசாரித்து வைத்திருந்தேன். அப்பா அதுவரை இந்த ஏற்பாடுகளிற் கலந்துகொள்ளாதவர். ஒரு நாள் தாமாகவே வந்து, "ராத்திரி ஒண்ணுக்கு எத்தன பேரு ஆகும்?" என்றார். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. எத்தனை ஆட்கள் தங்கலாம் என்று கேட்கிறாரென நினைத்து, "மூணு பேர்" என்றேன். அவர் கேட்டது கூலியை. அப்போதைய நாட்கூலியால் அறைக் கட்டணத்தைப் பிரித்துச் சொன்னேன். "படுத்து எந்திரிக்கப் பன்னெண்டு பேரா!" என்று அவர் திகைத்துப்போனார். எனது மாதச் சம்பளத்தில் அது பெரிய தொகையன்று. ஆயினும், பன்னிரண்டு நாள் கவ்வாத்து வெட்டிய கைகளுக்கு முன்னால் அந்த அறையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஈற்றில் நண்பரின் உறவினர் வீடொன்றில், கடலிலிருந்து சிறிது உள்ளே தள்ளி, இரண்டு அறைகள் குறைந்த வாடகைக்குக் கிடைத்தன. அம்மாவின் சுனாமி அச்சத்துக்கும் அது ஓரளவு மருந்தாயிற்று.

பின்னர் நான் பயணத் திட்டத்தை எழுதினேன். கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டவன் நேரசூசியின்றி எதனையும் செய்யமாட்டான். முதல் நாள் அதிகாலை 5 மணிக்குக் கண்டியிலிருந்து வான் புறப்படும். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக 10.30 மணிக்குத் திருகோணமலை. 11 மணிக்குக் கோணேசர் கோவில். 4 மணிக்கு உப்புவெளி. இரண்டாம் நாள் 5.30 மணிக்கு எழுதல். 7 மணிக்கு நிலாவெளி. 8 மணிக்குப் புறாத்தீவுப் படகு. 1 மணிக்குக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள். 3 மணிக்குக் கோட்டையும் மான்களும். 5 மணிக்குப் பத்திரகாளி அம்மன் கோவில். மூன்றாம் நாள் 6 மணிக்குப் பொதி கட்டுதல். இத்தாளை மடித்து அப்பாவிடம் பெருமையோடு நீட்டினேன்.

அவர் மூக்குக் கண்ணாடியை அணிந்து, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வரியாக வாசித்தார். வாசித்து முடித்ததும் அவர் முகத்தில் ஒரு புன்னகை தோன்றியது.

"என்னா தம்பி, பெரட்டு மாதிரியில்ல இருக்கு? நாப்பது வருசமா இந்த மணிக்கு இந்த மலைன்னு ஓடியாச்சு. அங்க போயும் மணி பாத்து ஓடணுமா?"

எனக்கு வெட்கமாயிருந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறி, பட்டம் பெற்று, விரிவுரை மண்டபத்தில் நின்று உழைப்பும் ஓய்வும் பற்றிப் பேசும் நான், என் தந்தைக்குக் கொடுக்க விரும்பிய ஓய்வைக்கூடப் பெரட்டுக் களத்து வாய்ப்பாட்டிலேதான் எழுதியிருந்தேன். அவருடைய நாளை அன்று துரையும் கணக்கப்பிள்ளையும் பங்கிட்டனர். இன்று மகன் பங்கிட முற்பட்டான். பங்கிட்டவனின் அன்பு கூடியிருக்கலாம், நாள் அவருடையதாகவில்லை. விடுமுறை என்ற சொல்லை அன்றுதான் பிரித்துப் பார்த்தேன். முறையை விடுதல் அதனுள்ளேயே இருக்கின்றது.

இடமும் வழியும் செலவும் தீர்மானித்துவிட்டால் விடுமுறை திட்டமிடப்பட்டுவிட்டது என்று நாம் கருதுகின்றோம். ஆனால், ஒரு நாள் தன்னுடையது என்று சொல்லும் உரிமை முதலில் வேண்டும். அவ்வுரிமை என் பெற்றோருக்கு ஒருபோதும் பழக்கப்படவில்லை. காலத்தையும் காற்றையும் பற்றி நான் விசாரித்தறிந்தவை வீண்போகவில்லை. அவையின்றி நாங்கள் மார்கழிக் கடலின் முன் போய் நின்றிருப்போம். அவற்றுக்கு அப்பால் எழுதப்பட்ட மணிகளே வேண்டாதவை.

அப்பாவின் முன்னிலையிலேயே தாளின் மறுபுறத்திற் புதிய திட்டத்தை எழுதினேன். முதல் வரி: காலையிற் புறப்படுதல். இரண்டாம் வரி: அம்மாவுக்குக் கோணேசர். மூன்றாம் வரியை அப்பா சொன்னார். நான் எழுதினேன்: சும்மா இருத்தல். புறாத்தீவு நீக்கப்பட்டது. வெந்நீர்க் கிணறுகள், அம்மாவின் முழங்கால் வலியை முன்னிட்டு, வசதிப்பட்டால் என்ற குறிப்போடு வைக்கப்பட்டன. இரண்டு இரவுகள் மூன்றாகின.

2024 ஆனியில் நாங்கள் போனோம். புறப்பட்ட நாளன்று ஹட்டனில் மழை. கந்தளாயைத் தாண்டியபோது மண் காய்ந்து வெளுத்திருந்தது. கோணேசர் சன்னிதியில் அம்மா நெடுநேரம் நின்றார். அவரை விரைவுபடுத்த என் நாவு எழுந்தது, அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் விடியுமுன் கண்விழித்தபோது அப்பாவின் பாய் வெறுமையாயிருந்தது. பதறிக் கரைக்கு ஓடினேன். கிழக்குக் கரையிற் சூரியன் கடலிலிருந்தே எழுகின்றது. வலையிழுக்கும் சிலர் தூரத்தில் நின்றனர். அவர்களுக்கு அது வேலை நாள். அப்பா ஈர மணலிற் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மணி ஐந்தரை இருக்கும். நாற்பது ஆண்டுகள் அவர் பெரட்டுக்குப் புறப்பட்ட நேரம் அது. அருகிற் போய் அமர்ந்தேன். சிறிது நேரத்தின் பின் அவர் கேட்டார்:

"தலமன்னாரு எந்தப் பக்கம் தம்பி?"

முதுகுப் பக்கம் திரும்பி, மேற்கே சற்று வடக்காகக் கையைக் காட்டினேன். அப்பா அத்திசையைப் பார்த்துவிட்டு மீண்டும் கடலை நோக்கினார்.

"அடுத்த வருசம் அங்க போவோம். எந்த மாசம் நல்லதுன்னு விசாரிச்சு வை."