அரை டிக்கெட்

"பையனை ஸ்கூலை விட்டு நிறுத்தப் போறோம்டா" என்றாள் அக்கா, போனில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "முழுசா இல்லை. கணக்குக்கு மட்டும்!"

முழுதாக நின்றவர்களை எனக்குத் தெரியும். என் வகுப்பிலேயே நாலு பேர். கால்வாசி நின்றவனைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. தஞ்சாவூரிலிருந்து பாபநாசத்துக்கு பஸ் ஏறினேன்.

விஷயம் இதுதான். அக்கா பையனுக்குப் பத்தாவது. காலை ஏழரைக்கு ஒரு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஆறரை வரை இன்னொன்று. கணக்கு டெஸ்டில் பெயிலானால் கடைசி பெஞ்ச். பெயர்தான் பெஞ்ச், உட்காரக் கூடாது, நிற்க வேண்டும். மாப்பிள்ளை அங்கே நிரந்தர உறுப்பினர்.

ஒரு கட்டத்தில் அவனே தீர்வு கண்டுவிட்டான். காலையில் யூனிஃபார்மில் கிளம்புவான். குடமுருட்டி படித்துறையில் தனியாக உட்கார்ந்திருப்பான். ஒன்பதேகாலுக்குப் பள்ளிக்குள் நுழைவான். மூன்று வாரம் கழித்து, மாடு குளிப்பாட்ட வந்த ஒருவர் சொல்லித்தான் வீட்டுக்கே தெரிந்தது. மேட்டூர் திறந்து, ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடிய மாதம் அது. அக்கா பயந்தது மார்க்குக்காக அல்ல.

நானும் அத்தானும் ஹெட்மாஸ்டரைப் பார்த்தோம். "கணக்கை மட்டும் நாங்க வீட்ல சொல்லிக் கொடுக்கிறோம் சார்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது என்ன மெஸ்ஸா, பொரியல் மட்டும் வேண்டாம்னு சொல்ல?"

கோபக்காரர் இல்லை, உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். 2009-ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வரைதான். பையனுக்குப் பதினைந்து. டி.சி. வாங்கிக்கொண்டு தனித்தேர்வராகப் பரீட்சை எழுதலாம்; சயன்ஸ் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் ஒரு பள்ளியில் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் 1989-ல் ஆரம்பித்த தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஐந்து பாடம் எடுத்து வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதலாம். "ஒண்ணு முழு டிக்கெட், இல்லை இறங்கிக்கணும். அரை டிக்கெட் கிடையாது சார்."

எழுந்திருக்கும்போது குரலைத் தாழ்த்தினார். "ஸ்பெஷல் கிளாஸ் நாங்களா வைக்கிறது. அப்பா கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தா அதுக்கு வர வேண்டாம். ஆனா மார்க்குக்கு யார் பொறுப்பு?"

"எங்க மச்சான்தான் சார்!" என்று அத்தான் என்னைக் காட்டினார்.

"பத்திரிகைக்கு எழுதறவனுக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஆபீஸ்தானே?" என்றாள் அக்கா. பெட்டி படுக்கையோடு அங்கேயே முகாம். அக்காவுக்கு தைரியம் தந்தது கும்பகோணத்துக்காரர். "ராமானுஜம் ஸ்பெஷல் கிளாஸா போனார்?"

போகவில்லைதான். ஆனால் முழுக் கதையையும் பார்க்க வேண்டும். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கோட்டை விட்டதில் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னையிலும் எஃப்.ஏ. தேறவில்லை. பிடித்த பாடத்தை அவரே படித்துக்கொண்டார். பிடிக்காததற்கு, கூட உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கும்.

அப்படி ஆள் கிடைத்தவர் பாபநாசத்துக்குப் பக்கத்து ஊர்க்காரரே. உத்தமதானபுரம் உ.வே.சாமிநாதையர். காலேஜ் டிகிரி கிடையாது. மாயவரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருடக்கணக்கில் கூடவே இருந்து படித்தார். 1880-ல் அதே கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார்.

நான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இல்லை; வெறும் பி.காம். பற்று, வரவு என்றால் தூக்கத்தில் சொல்வேன். இருபடிச் சமன்பாடு மூன்றாம் நாளே என்னை மடக்கியது. என் குழப்பத்தை மறைக்க அவன்மேல் பாய்ந்தேன். "இதுகூடவாடா தெரியாது?"

அவன் பதில் பேசவில்லை. வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது. படித்துறை அங்கிருந்து பத்து நிமிஷ நடை.

அன்று ராத்திரி அவன் தூங்கியதும் அவன் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தேன். மறுநாள் காலை, "மாப்ளே, நேத்து எனக்கே அது தெரியாது" என்று ஒப்புக்கொண்டேன். "அப்ப நீங்க பெஞ்ச் மேல ஏறுங்க மாமா" என்றான். ஏறினேன். பதினைந்து நாள் கழித்து அவன் சிரித்தது அப்போதுதான்.

அதன்பின் தினமும் இரவு நான் படிப்பேன், காலையில் அவன் படிப்பான். வீட்டில் தாத்தா இருந்தார். அவருக்கு ஏக்கர் வராது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்றால் முப்பத்து மூன்று சென்ட். அவர் மாவில் கேட்பார், பையன் சென்ட்டில் சொல்வான். பரப்பளவுக்கு வேறு வாத்தியார் தேவைப்படவில்லை.

அக்டோபரில் குறுவை அறுவடை. களத்தில் நெல் குவிந்து கிடந்தது. "எத்தனை மூட்டை தேறும்?" என்றார் அத்தான். பையன் கயிற்றோடு போய்விட்டான். சுற்றளவு 8.8 மீட்டர், அப்படியானால் ஆரம் 1.4. நடுவில் குச்சியைச் செருகிப் பார்த்தான். உயரம் ஒரு மீட்டர். கூம்பின் கன அளவு 2.05 கன மீட்டர், அதாவது 2,050 லிட்டர். பத்து லிட்டர் வாளியில் நெல்லை அள்ளித் தராசில் வைத்தான். 5 கிலோ 800 கிராம். மொத்தம் 1,190 கிலோ சொச்சம். கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ.

"முப்பதுக்குக் கொஞ்சம் கம்மிப்பா" என்றான்.

பிடித்து முடித்தபோது இருபத்தொன்பது மூட்டையும் ஒரு அரை மூட்டையும். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, களத்தில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய், "நம்ம பையன்தான் சொன்னான்" என்றார்.

ஏழு மணிக்கு ஆபீஸிலிருந்து களைத்து வந்து, 'நாமே வீட்டில் சொல்லிக் கொடுத்தால் என்ன?' என்று யோசிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தாராளமாகச் செய்யலாம். ஆனால் பையனை ஒரு வகுப்பிலிருந்து வெளியே எடுத்தால், வீட்டில் ஒருவர் அந்த வகுப்புக்குள் போய் உட்கார வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் பையன் உட்காரும் இடம் படித்துறைதான். எனக்கு அதில் இரண்டு கட்டுரை கெடு தப்பியது. ஒரு ஆசிரியரின் திட்டும் கிடைத்தது. நஷ்டம் இல்லை.

கணக்கில் 67 வாங்கினான். ஹெட்மாஸ்டர் கைகுலுக்கினார், என்னிடம்!

இப்போது பிளஸ் ஒன். காமர்ஸ் குரூப் எடுத்திருக்கிறான். "ஏண்டா, கணக்குதான் வந்துடுச்சே, சயன்ஸ் குரூப் போறதுதானே?" என்று கேட்டேன்.

"காமர்ஸ் ஈசியாத்தான் இருக்கும் மாமா. நீங்களே பாஸ் பண்ணியிருக்கீங்களே!"