காகிதங்களைப் பத்திரமாக வை

லக்னோவில் வரலாறு கற்பிக்கும் கௌரவ விரிவுரையாளர் அவர். 2008இல் முனைவர் பட்டம் பெற்றார். அன்றைய விதிப்படி அப்பட்டம் உடையோருக்குத் தேசியத் தகுதித் தேர்விலிருந்து விலக்கு உண்டு. அதை நம்பி, தேர்வுக்காக வாங்கியிருந்த நூல்களையெல்லாம் தம்பியிடம் கொடுத்துவிட்டார்.

மறு ஆண்டே விதி மாறியது. 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி நிகழ்ந்த ஆய்வுக்கு மட்டுமே இனி விலக்கு என்றது பல்கலைக்கழக மானியக் குழு. அவருடைய ஆய்வேட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதன் பெறுமதி மட்டும் மாறியது.

சென்னை, டெல்லி, ராஜஸ்தான் உயர் நீதிமன்றங்கள் புதிய விதியை ஏற்றன. அலகாபாத் உயர் நீதிமன்றமோ 2012இல் பழைய பட்டதாரிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவர் வழக்காடியவர் அல்லர். எனினும் அத்தீர்ப்பின் நகலைத் தம் கோப்பில் முதல் தாளாக வைத்தார். மூன்று ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. 2015 மார்ச் 16 அன்று பி. சுசீலா வழக்கில் உச்ச நீதிமன்றம் மானியக் குழுவின் பக்கம் நின்றது. முந்தைய விலக்கு நிலைத்த உரிமையாகாது. தனிமனித எதிர்பார்ப்பு பொதுநலனுக்கு வழிவிட வேண்டும் என்பது அதன் சாரம்.

தரம் குறித்த கவலை பொய்யன்று. எண்ணிக்கைக்காக வழங்கப்பட்ட பட்டங்கள் பலவற்றை அவரே கண்டிருக்கிறார். ஆனால் அவற்றை வழங்கிய நிறுவனங்கள் எவ்விழப்பும் அடையவில்லை. பெற்றவர்களே விலை கொடுத்தனர்.

2016இல் ஒரு வாயில் திறந்தது. 2009 ஜூலை 11க்கு முன் பதிவு செய்தோர் ஐந்து சான்றுகள் காட்டினால் விலக்குப் பெறலாம்: முறையான வழியில் பெற்ற பட்டம், இரு புறத்தேர்வாளர் மதிப்பீடு, பொது வாய்மொழித் தேர்வு, இரு கட்டுரைகள், இரு கருத்தரங்க உரைகள். நான்கு அவரிடம் இருந்தன. வாய்மொழித் தேர்வு பொதுவில் நடந்ததற்கான பதிவு பல்கலைக்கழகக் கோப்பில் இல்லை. நெறியாளர் மறைந்துவிட்டார். அன்று அவையில் இருந்தவர்களை நினைவில் வைத்திருந்தது அவர் ஒருவரே.

அலுவலகத்திற்கு ஓராண்டு நடந்தபின், தம்பியிடமிருந்து நூல்களைத் திரும்ப வாங்கினார். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. தேர்வுக் கூடத்தில் தம் மாணவர் இருவருக்குப் பின் வரிசையில் அமர்ந்து எழுதினார். இரண்டாம் முறையில் தேறினார். அதற்குள் நிரந்தரப் பணியிடங்கள் பல நிரம்பியிருந்தன.

பல்கலைக்கழகப் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018இல் அறிவித்த குழு, நடைமுறைக்கு வரும் நாளை ஒருமுறை தள்ளிவைத்து, 2023 ஜூலை முதல் அதைக் கைவிட்டது. இப்போது தகுதித் தேர்வே குறைந்தபட்சத் தகுதி.

அவ்வாண்டு தேர்வில் வென்ற மாணவி ஒருத்தி கேட்டாள்: “மேடம், இனி நான் ஆய்வு செய்யத்தான் வேண்டுமா?”

“கேள்வி ஒன்று உன்னை உறங்கவிடாமல் செய்தால் செய். விதிக்காகச் செய்யாதே, அது உனக்கு முன்பே மாறிவிடும்” என்றார். சற்று நின்று, “செய்தால், காகிதம் ஒவ்வொன்றையும் பத்திரமாக வை” என்றும் சொன்னார்.