ரெண்டரை லட்சத்துக்கு என்ன சாப்பிடும்?

“ஏம்மா, ஒரு புள்ளைக்கு மாசம் ரெண்டரை லட்சமா? அப்படி என்னத்த சாப்பிடும்?” போனில் இப்படிக் கேட்டவர் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் சித்தப்பா. கிரிக்கெட் வீரர் முகமது ஷமி, பிரிந்து வாழும் மனைவிக்கு 1.5 லட்சமும் மகளுக்கு 2.5 லட்சமும் மாதாமாதம் கொடுக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் கல்கத்தா உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருந்த நேரம். சித்தப்பா நல்ல மனுஷர். அவரே இப்படிக் கேட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

பாரிஸ் வாழ்க்கையில் எனக்குச் சலிப்புகள் ஏராளம். ஆனால் பிள்ளை விஷயத்தில் இந்த நாட்டுச் சட்டத்தைக் கையெடுத்துக் கும்பிடுவேன். தாயும் தகப்பனும் அவரவர் வசதிக்கும் பிள்ளையின் தேவைக்கும் தக்கபடி கொடுக்க வேண்டும் என்கிறது சிவில் சட்டத்தின் 371-2ஆம் பிரிவு. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டது என்பதற்காக அந்தக் கடமை தானாகத் தீர்ந்துவிடாது. நீதி அமைச்சகம் 2010இல் ஒரு கணக்கு அட்டவணையும் கொடுத்தது: தகப்பன் வருமானத்தில் அவர் உயிர்வாழத் தேவையான குறைந்தபட்சத் தொகையைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் ஒரே பிள்ளை என்றால் 13.5 விழுக்காடு. அட்டவணை வெறும் வழிகாட்டிதான். கோடீஸ்வரர் வீட்டு வழக்குகளை நீதிபதி தனியாக எடைபோடுவார். ஆனாலும் அடிப்படை மாறாது. வருமானம் ஏறினால் பிள்ளையின் பங்கும் ஏறும்.

இது நம் ஊருக்குப் புதுசா என்ன? 1881 ஆணைப்படி தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்த ரெனோன்சான் குடும்பங்கள் புதுச்சேரியில் இன்றும் இருக்கின்றன. இந்து திருமணச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. கேட்பவரின் தேவை, கொடுப்பவரின் செல்வம் இரண்டையும் பார்த்து ஜீவனாம்சம் முடிவாக வேண்டும் என்று 1804இலேயே எழுதிவைத்தது அந்தப் பிரெஞ்சு சிவில் சட்டம். இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவோ, 2001 வரைக்கும் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொல்ல முடியாது என்று கட்டிப்போட்டிருந்தது. தகப்பன் மில் முதலாளியாக இருந்தாலும் அதே 500தான்.

இதே சித்தப்பா, பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளைக்கு லட்சக்கணக்கில் நகையும் ரொக்கமும் கைமாறிய கல்யாணங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். மாப்பிள்ளை என்னத்த சாப்பிடுவார் என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் கொடுத்தால் மட்டும் கை கூசுகிறது.

ஊரை விட்டுக்கொடுக்கவும் எனக்கு மனம் வராது. இங்கே எங்கள் கட்டடத்தில் ஒரு புதுச்சேரிப் பெண், தனித் தாய். விடியும் முன்னே ஆபீஸ் துடைக்கப் போகிறாள். சாயங்காலம் நாலரைக்குப் பள்ளி வாசலில் மூச்சிரைக்க வந்து நிற்கிறாள். ஒரு நாள் பிந்தினாலும் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ள ஆள் கிடையாது. முத்தியால்பேட்டை என்றால் ஆயா இருப்பார், தாய்மாமன் இருப்பார், எதிர்வீட்டு அத்தை சோறு ஊட்டியிருப்பார். அந்தக் கைகளுக்கு எந்த நாட்டுச் சட்டமும் ஈடாகாது. ஆனால் வசதியான தகப்பன்மார் அந்தக் கைகளுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறார்கள். “தாத்தா வீட்டுல நல்லாத்தானே இருக்கு” என்கிறார்கள். ஓய்வூதியத்தில் பேரனை வளர்க்கும் தாத்தாவை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பணத்தை அம்மாக்காரி செலவழித்துவிடுவாள் என்பார்கள். பிள்ளையை நல்ல வீட்டில் வைத்துவிட்டு அவள் மட்டும் ஒழுகுகிற கூரைக்குக் கீழேயா படுக்க முடியும்? அந்தச் சந்தேகத்துக்கும் இங்கே வழி இருக்கிறது. பள்ளிக் கட்டணம் போன்றவற்றைத் தகப்பனே நேராகக் கட்டும்படி தீர்ப்பில் எழுதலாம்.

சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் இரு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே தொகையை நியாயமாகக் கணக்கிட வழி பிறந்திருக்கிறது. வசூல்தான் தகராறு. பிரான்சில் 2022 மார்ச்சிலிருந்து விவாகரத்துத் தீர்ப்பு வந்ததுமே, பெற்றோர் இருவரும் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, குடும்பநல நிதியகமான காஃப் நடுவில் வந்துவிடுகிறது. தகப்பன் காஃபுக்குக் கட்டுகிறார், காஃப் தாயின் கணக்கில் போடுகிறது. இரண்டு மாதத்துக்கு மேல் கட்டாமல் இழுத்தடிப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 15,000 யூரோ வரை அபராதமும் காத்திருக்கின்றன. நம் ஊரில் பாக்கியை வாங்கத் தாயே மறுபடியும் மனுப் போட்டு, வக்கீலுக்குக் கொடுத்து, வாய்தா வாய்தாவாக நடக்க வேண்டும். புதுச்சேரி அரசு பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன தெருப்பெயர்களையும் மஞ்சள் சுவர்களையும் பொத்திப் பாதுகாக்கிறது. இந்த வசூல் முறையையும் எடுத்துக்கொண்டு குடும்பநல நீதிமன்றத்தில் ஒரு மேசை போடட்டும்.