வெளிச்சம் எட்டாத வரிசை

சென்ற மாதம் எங்கள் கிளையில் அட்டெண்டர் ஒருவருக்குப் பிரிவுபசாரம். காமிரா வாங்கி இரண்டே வாரமாகியிருந்த என்னைப் படமெடுக்கச் சொல்லிவிட்டார்கள். மாடி ஹாலில் இரண்டே ட்யூப்லைட். ஃப்ளாஷை நேராக அடித்தேன். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த அதிகாரிகளின் முகங்கள் சுண்ணாம்பாக வெளுத்தன. பின்னால் நின்றவர்கள் இருட்டில் கரைந்துபோனார்கள். இருமடங்கு தூரத்தில் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நாற்காலிகளை அந்த விதிக்குத் தோதாகப் போட்டது நாங்கள். மாலை போட்டுக்கொண்டவரும், பழக்கதோஷம், பின்வரிசைக்கே போய் நின்றிருந்தார்.

நியூயார்க் சேரிகளின் இருட்டு அறைகளில், 1887 வாக்கில், ஃப்ளாஷ் பொடியைக் கொளுத்திப் படமெடுக்க ஆரம்பித்தார் ஜேக்கப் ரீஸ். 1890-ல் வந்த அவருடைய புத்தகம் சீர்திருத்தத்துக்கு வழிசெய்தது என்பார்கள். இருக்கலாம். அந்தப் படங்களில் என்னை உறுத்துவது தூக்கம் கலைந்த கண்கள்.

பிறகு ஃப்ளாஷின் தலையைக் கூரைப் பக்கம் திருப்பினேன். ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/30. வெளிச்சம் மெத்தென்று இறங்கியது, கூரையின் பச்சைப் பெயிண்ட்டையும் சேர்த்துக்கொண்டு. அதற்குள் அதிகாரிகள் டிபனுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

"இவரு நல்லாத் தெரியறமாதிரி ஒண்ணு எடுங்க சார்" என்றார் அவர் மனைவி.

ஐந்து எடுத்தேன். நான்கில் கண்ணை மூடியிருக்கிறார். ஐந்தாவதில் திறந்திருக்கிறார், இருவர் முகமும் பச்சை. பிரிண்ட் போட்டு மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.